எட்டு உறக்கம் நீண்ட ஞாயிற்றுக்கிழமை

நாவல்துறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு உறக்கம் நீண்டது. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு புயலைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வாங்கின வலை, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கட்டின சுவர் என்று காலத்தைக் கணக்குச் சொல்வார்கள். எங்கே தொடங்கியது என்று கேட்டால் மட்டும் சற்று நிதானித்து, சிப்பிக்காரத் தெருவில், விண்ணரசி வீட்டு மொட்டைமாடியில், அவள் துணி காயப்போட்ட நேரத்தில் என்பார்கள்.

விண்ணரசிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கணவன் ரீகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவன், வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பவன், அந்தச் சமயம் பூமியின் மறுபக்கத்தில் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தான். பத்து மாதக் குழந்தை ஜெனோவா. விண்ணரசியின் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து மகள் வீட்டில் படுக்கையில் இருந்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்கும் பெரிய கிரேனை ஓட்ட வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் எண்ணம். அதற்காக டிப்ளமோ படித்தாள், இருபத்திரண்டு ஆண்கள் இருந்த பயிற்சி வகுப்பில் ஒற்றைப் பெண்ணாக ஒரு வருடம் உட்கார்ந்தாள், உரிமம் வாங்கினாள், மூன்று நேர்காணல்களில் பெண்பிள்ளைகளை அவ்வளவு உயரத்தில் ஏற்றுவதில்லை என்ற பதிலோடு திரும்பி வந்தாள், நாலாவதற்கு ஏழு மாத வயிற்றோடு போனாள். அங்கே அவளை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டினாள். ஒரு வருடம் கழித்து, அவளே அதை மறந்துவிடலாம் என்று நினைக்கத் தொடங்கியபோது, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பணியில் சேரும்படி கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்றே குழந்தைக்கு ஆள் பார்த்தாள். அடுத்த தெரு எலிசபெத் அக்கா பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, பத்து நாளாகத் தினமும் வந்து குழந்தையைப் பழக்கியும் விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் எலிசபெத்தின் மகளுக்குக் கோவில்பட்டியில் மாதம் நிறையாமலே வலி கண்டுவிட்டதாகத் தொலைபேசி வந்தது. எலிசபெத் ஒரு பையில் நான்கு சேலையைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறும்போது விண்ணரசியின் கையைப் பிடித்து அழுதாள். அவளைக் குறை சொல்ல விண்ணரசியால் முடியவில்லை. பால்வாடியில் இரண்டு வயது ஆனால்தான் சேர்ப்பார்கள். கடைத்தெருவில் புதிதாக வந்த குழந்தைகள் காப்பகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அவளை ஏற்றிப்போகிற கம்பெனி பஸ் ஐந்து மணிக்கே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலுவலகத்து அதிகாரியைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். அவர் மரியாதையான மனிதர். புதிய ஆட்களுக்கான பயிற்சி திங்கட்கிழமை தொடங்குவதையும், அவள் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருப்பதையும், தன் கையில் எதுவும் இல்லாததையும் பொறுமையாகச் சொன்னார்.

அன்றைக்கு நாலு மணிக்கு, இடுப்பில் குழந்தையோடு மொட்டைமாடிக்குப் போய், குழந்தையின் சட்டைகளையும் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளத் துவைத்த நீலச் சீருடையையும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, மேற்கே உப்புக் குவியல்களுக்கு மேல் நின்ற சூரியனைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், இந்த நாள் இப்படியே கொஞ்சம் நின்றால் என்ன என்று சொன்னாள். நாள் நின்றது. அவள் மிச்சத் துணியையும் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லா ஊரிலும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பூக்காரி செண்பகம்தான் முதலில் கண்டாள்; இருட்டும் நேரத்தில் மலர வேண்டிய மல்லிகை மொட்டுகள் கூடையில் இறுக்கமாகவே இருந்தன, கட்டிய சரம் அத்தனையும் மொட்டாகவே விற்றது. பிறகு கோழிகள் அடையப் போகாமல் தெருவில் நின்று ஒன்றையொன்று பார்த்தன. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்ல மாடியேறிய மோதினார் சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். எல்லோருடைய கைபேசியிலும் ஞாயிறு, நாலு மணி ஏழு நிமிடம் என்றே இருந்தது. சென்னையில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டவர்களிடம் அந்தப் பிள்ளைகள், இப்போதுதானே பேசி வைத்தீர்கள் என்றார்கள். பத்துத் தடவை கூப்பிட்டாலும் பத்துத் தடவையும் அதையே, அதே குரலில் சொன்னார்கள். ஊரைவிட்டுப் புறப்பட்ட பஸ் வெகுநேரம் ஓடியும் அடுத்த ஊர் வராததால் திரும்பி வந்தது. பயணிகள் இறங்கி, டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

களைப்பு வந்ததும் ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். எழுந்தபோது போர்வை ஓரத்தில் அதே மஞ்சள் வெயில், அதே சாய்வில், அதே ஓட்டின் மேல் விழுந்திருந்தது. அதற்கு முதல் உறக்கம் என்று பெயர் வைத்தார்கள், பிறகு இரண்டாம் உறக்கம் என்றார்கள், அதன் பிறகு அந்தக் கணக்கே பழகிவிட்டது.

அந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாலு மணி வெயிலை நாவல்துறைக்காரர்கள் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது போய்விடும் வெயில், கூடவே ஒரு வேலையைச் செய்துகொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிற வெயில். இது போகாமல் நின்றது. உப்புக் குவியல்கள் ரோஜா நிறத்தில் நின்றன, சுவர்களில் பூசின சுண்ணாம்புக்குள் இருந்த சிப்பித் துணுக்குகள் ஒவ்வொன்றும் மின்னின, முப்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவியின் கண்ணில் ஒரு பச்சைக் கீற்று இருப்பதைக் கண்டு ஒரு மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அலைகள் வந்தன, உடைந்தன, திரும்பின. ஆனால் மணலில் ஈரம் ஏறிய கோடு ஒரு விரலளவுகூட நகரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கோட்டின் அருகே போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது அந்தக் கரையின் வழக்கம். மூன்றாம் உறக்கத்துக்குப் பிறகும் இது ஞாயிற்றுக்கிழமைதானா என்று வலைக்காரர்கள் படகுகளின் நிழலில் உட்கார்ந்து பேசி, சூரியன் ஒப்புக்கொள்ளும்வரை ஞாயிற்றுக்கிழமைதான் என்று முடிவு செய்தார்கள். மீன்கள் கரைக்கு மிக அருகில் வந்து துள்ளின. கோயிலில் பாதிரியார் எழுந்த ஒவ்வொரு முறையும் ஞாயிறு திருப்பலி வைத்தார். நாலாவது முறை, சொல்ல வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோய், பீடத்திலிருந்து இறங்கி வந்து மக்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அவரும் வெளிச்சத்தைப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டு உறக்கம் முழுக்க ஓடி விளையாடினார்கள், மூன்றாவதில் சண்டை போட்டார்கள், நாலாவதில் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலை விமானத்தில் துபாய்க்குப் போகவேண்டிய மகனை வைத்திருந்த பிரான்சிஸ்காள் என்ற விதவை, இந்த நாளை ஆண்டவர் தனக்காகவே நிறுத்தினார் என்று நம்பி, அவனுக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் சமைத்துப் போட்டாள். ஐந்தாம் உறக்கத்துக்குப் பிறகு, இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் ஆனபோது, அவளே அவனுடைய பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

இதனால் எந்த மாற்றமும் அடையாதவர் சிப்பிக்காரத் தெருவில் ஒருவர்தான் இருந்தார். விண்ணரசி வீட்டுக்கு எதிர்வீட்டு கஸ்பார். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் நாற்பது வருடம் சமையல்காரராக இருந்தவர், முழங்கால் கெட்டுப்போய் இரண்டு வருடமாக வீட்டோடு இருப்பவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதிகம் பேசாதவர். தெருவில் யாரோ கேட்டதற்கு, காற்று செத்த கடலில் பதினோரு நாள் ஒரே இடத்தில் நின்றிருப்பதாகவும், அப்போதும் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளை சோறு ஆக்க வேண்டியிருந்ததாகவும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்தாம் உறக்கத்துக்குப் பிறகுதான் ஊர் இந்த நாளின் இன்னொரு குணத்தைக் கண்டுகொண்டது. வளர வேண்டியவை எல்லாம் நின்றுவிட்டன. குறைய வேண்டியவை மட்டும் குறைந்துகொண்டே இருந்தன. சவரம் செய்த முகத்தில் முடி முளைக்கவில்லை, முட்டைகள் பொரியவில்லை, பிசைந்து வைத்த மாவு புளிக்கவில்லை. ஆனால் அரிசி குறைந்தது, தண்ணீர்த் தொட்டி குறைந்தது, திங்கட்கிழமை வர வேண்டிய பாலும் காய்கறியும் வராததால் கடைகள் காலியாயின. விண்ணரசியின் பக்கத்து வீட்டு ஜுலைகாவின் மகள் செய்யது பாத்திமாவுக்கு அந்த ஞாயிறு நாலு மணிக்குச் சற்று முன்னால் பிரசவ வலி எடுத்திருந்தது. வலி வந்தது, போனது, வந்தது. குழந்தை மட்டும் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் ஓடி, அடுத்த ஊர் வராமலே திரும்பியது. ஊர் செவிலி கண்மணி அவள் வயிற்றில் கை வைத்து, பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, தாயின் தெம்புதான் இறங்குகிறது என்று வெளியே வந்து சொன்னாள். அதற்குப் பிறகு தெருவில் யாரும் வெயிலை ரசிக்கவில்லை.

ஆறாம் உறக்கம் முடிந்து, மாடிகளில் ஓடிப் பிடித்து விளையாடிய சிறுமிகள் விண்ணரசி வீட்டுக் கொடியைக் கண்டார்கள். ஊரில் எல்லோர் துணியும் அந்த முடியாத வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்திருக்க, அவள் போட்ட துணி மட்டும் நனைந்தபடியே இருந்தது. நீலச் சீருடையின் கை நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு, விழாமல், சூரியனை முழுசாக உள்ளே வைத்துக்கொண்டு தொங்கியது. பெரியவர்கள் ஒவ்வொருவராக மாடியேறி அந்தச் சொட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை. இறங்கி வந்து அவள் வாசலில் நின்றார்கள்.

விண்ணரசி குழந்தையை மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மொட்டைமாடியில் தான் சொன்னதை மறைக்காமல் சொன்னாள். அதுதான் காரணமா என்று தனக்குத் தெரியாது என்றும், திரும்ப மாடிக்குப் போய் நாளைப் போகச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டதாகவும் சொன்னாள். கூட்டத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை; ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை வராமல் இருக்கட்டும் என்று நினைக்காத வீடு அந்த ஊரில் இல்லை, பிரான்சிஸ்காள் நினைத்தாள், பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் நினைத்தார்கள், கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய ஊர்த்தலைவர் சூசையே நினைத்தார். சூசைதான் கடைசியில் பேசினார். அந்த வேலை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாள் தானாக நகர்ந்துவிடும், ஊரே அவளுக்குக் கடமைப்பட்டிருக்கும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலர் தலையசைத்தார்கள்.

அப்போது செய்யது பாத்திமா ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, மறு கையால் சுவரைத் தடவியபடி, தாயின் பேச்சைக் கேட்காமல் தெருவில் நடந்து வந்து, விண்ணரசியின் வாசற்படியில் உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. ஒரு வலி வந்து போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அக்கா, எனக்கும் நாளைன்னு ஒண்ணு வேணும்" என்றாள் அவள்.

விண்ணரசி உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் அதிகாரியைக் கூப்பிட்டு, தான் வேலையில் சேரவில்லை என்று சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி வருத்தம் தெரிவித்து, பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார். தெரு மூச்சைப் பிடித்து மேற்கே பார்த்தது. சூரியன் அசையவில்லை. மாடியிலிருந்த சிறுமிகள் சொட்டு விழவில்லை என்று கத்திச் சொன்னார்கள். விண்ணரசி சந்தேகப்பட்டு மறுபடி கூப்பிட்டாள். அதிகாரி முதல் தடவை பேசுவதுபோல, "சொல்லுங்க மேடம். நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருவீங்கதானே?" என்றார்.

மூன்றாம் முறையும் அப்படியே. அவள் எத்தனை முறை விட்டாலும் அந்த வேலை அவளிடமே திரும்பி வந்தது.

கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது படியில் உட்கார்ந்திருந்த பாத்திமா நிமிர்ந்து பார்த்தாள். "வேலையை விட்டா விடியாது போல. அந்தப் பிள்ளைக்கு ஆள் பாருங்க" என்றாள்.

ஒரு துறைமுக வேலைக்கும் ஒரு பத்து மாதக் குழந்தைக்கும் நடுவில் ஊர் முழுவதும் வந்து நின்றது இப்படித்தான். ஏழாம் உறக்கத்தை யாரும் சரியாக உறங்கவில்லை. எழுந்ததும் விண்ணரசியின் வாசலில் வரிசை கட்டினார்கள். கோயில் பாடகர் குழுவின் பெண்கள் வந்தார்கள், செண்பகம் பூக்கூடையோடு வந்தாள், டீக்கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள், வலைக்காரர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்கள், கடைசியில் சூசையும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒவ்வொருவரும் இரண்டு கையையும் நீட்டினார்கள். ஜெனோவா ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள், கீழுதடு பிதுங்கியது, அழுதாள். கிலுகிலுப்பை ஆட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், மீன்போல வாயைத் திறந்து மூடிக் காட்டினார்கள். அந்த நீட்டிய கைகளில் நாளையைப் பற்றிய அவசரம்தான் இருந்தது, அதைக் குழந்தை எப்படியோ கண்டுகொண்டது. விண்ணரசிக்கும் தெரிந்தது. தவிர, ஒவ்வொருவராக விசாரித்தால் ஒவ்வொருவருக்கும் காலை ஐந்து மணிக்கு அவரவர் அடுப்பு இருந்தது, அவரவர் கடை இருந்தது, அவரவர் கடல் இருந்தது. ஒரு நாள் பார்த்துக்கொள்வோம், இரண்டு நாள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அவளுக்கு வருடக்கணக்கில் வேண்டியிருந்தது.

எட்டாம் உறக்கத்துக்குப் பிறகு பாத்திமாவால் எழுந்து உட்கார முடியவில்லை. ஜுலைகாவின் வீட்டிலிருந்து சத்தமும் வரவில்லை. தெருவில் சூசையும் பாதிரியாரும் மோதினாரும் வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுப்பதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள், நடுவில் விண்ணரசி நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் காலடியில் உட்கார்ந்திருந்த ஜெனோவா அவர்கள் எல்லோருடைய கால்களுக்கும் இடையே புகுந்து தவழ்ந்து தெருவைக் கடந்தாள்.

கஸ்பார் தன் வீட்டு நிலைப்படிக்கு உட்புறம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மிச்சமிருந்த அரிசியைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை வாசலில் வந்து நின்றதை அவர் பார்த்தார். கூப்பிடவில்லை, சிரிக்கவில்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. ஜெனோவா நிலையைப் பிடித்து உள்ளே ஏறி, சுளகின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் விரல்கள் போவதையும் வருவதையும் கவனித்தாள். பிறகு ஒரு அரிசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லது என்று சுளகில் போட்டார். அடுத்ததை நீட்டினாள். அதையும் பார்த்தார். விண்ணரசி குழந்தையைக் காணாமல் பதறித் திரும்பியபோது இருவரும் அப்படி இருந்தார்கள். தூக்கம் வந்து குழந்தையின் தலை சாய, அவர் அதை முன்கையில் ஏந்திக்கொண்டார். தரை எந்த நேரத்திலும் ஒரு பக்கமாகச் சாயக்கூடும் என்று நாற்பது வருடம் பழகிய கை. ஆடுகிற தோணியில் கொதிக்கிற உலையைச் சிந்தாமல் பிடித்த கை. குழந்தை அதில் உறங்கிவிட்டது.

தெருவில் வாதம் நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மனதிலும் வந்தது ஒன்றேதான், அதைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. விண்ணரசிதான் வாசலுக்குப் போய்ச் சொன்னாள்.

"மாமா, நீங்க தனி ஆளு. என் பிள்ளை பொம்பளப் பிள்ளை. எனக்குப் பயமா இருக்கு. மனசுல வச்சுக்கிட்டு வேற பேச முடியல, அதான் நேரா சொல்லுதேன்."

கஸ்பார் கையில் உறங்கும் குழந்தையைப் பார்த்தார். அவர் மனம் புண்பட்டதா இல்லையா என்று முகத்தைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பயப்படத்தான் செய்யணும்" என்றார் பிறகு. "பயப்படாம விட்டுட்டுப் போறவகிட்ட நான் பிள்ளையை வாங்க மாட்டேன்."

உறங்கும் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்த் திருப்புளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். தன் வீட்டு வாசல் கதவின் கீல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். துருப்பிடித்த மேல்கீலுக்கு வலைக்காரர் ஒருவர் ஓடி வந்து கை கொடுத்தார். கதவைத் தூக்கித் தெருச்சுவரில் சாய்த்து வைத்தார். நடு அறைக் கதவையும் அப்படியே கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். இப்போது தெருவில் நின்று பார்த்தால் அடுப்பு தெரிந்தது, பாய் தெரிந்தது, பின்வாசல் வழியே கடலின் ஒரு துண்டு தெரிந்தது.

"இனிமே தெருவே பாத்துக்கிடட்டும்" என்றார். ஜுலைகா எதிரே இருந்த தன் வீட்டு ஜன்னலிலிருந்து, பிரசவ வீட்டில் எந்நேரமும் ஒருத்தி விழித்திருப்பாள், அவள் கண் அங்கேதான் இருக்கும் என்று சொன்னாள்.

கஸ்பாருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. "ஞாயித்துக்கிழமை நான் பாக்க மாட்டேன். அன்னைக்கு எனக்கு ஒரு நேரம் நீ சோறு ஆக்கிக் குடுக்கணும். நாப்பது வருசமா என் சோத்தையே தின்னுக்கிட்டு இருக்கேன்."

விண்ணரசி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். கதவில்லாத வீட்டைப் பார்த்தாள். அந்த எட்டு உறக்கத்திலும் அவள் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருந்தாள்; இப்போது சொன்னது ஒரு சின்னச் சொல். "சரி மாமா."

மாடியில் காவல் நின்ற சிறுமிகள் சொட்டு விழுந்தது என்றார்கள், யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல்கள் நீண்டன. தெருவில் நின்ற அத்தனை பேருடைய நிழலும் மெதுவாகக் கிழக்கே நீண்டு, சுவரில் ஏறி, ஒன்றோடொன்று கலந்தன. உப்புக் குவியல்கள் சிவந்தன, ஊதா ஆயின, சாம்பல் ஆயின. சூரியன் மறைவதை நாவல்துறை அன்றைக்குப் போல அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள், வெளியே இருந்தவர்கள் பேச்சை மறந்தார்கள், இருட்டைப் புதிதாகக் காண்பதுபோலச் சின்னப் பிள்ளைகள் பயந்து தாய்களின் சேலைக்குள் புகுந்தார்கள். செண்பகத்தின் கூடையில் எட்டு உறக்கமாக மூடிக் கிடந்த மொட்டெல்லாம் ஒரே சமயத்தில் மலர்ந்து, அந்த வாசனை கடற்கரைவரை போயிற்று. மோதினார் மாடியேறினார். இந்தத் தடவை பாங்கு முழுசாக வந்தது. அது முடிந்த கொஞ்ச நேரத்தில் ஜுலைகாவின் வீட்டிலிருந்து ஒரு புதுக் குழந்தையின் அழுகை கேட்டது. செவிலி கண்மணி வெளியே வந்து தெருக்குழாயில் கையைக் கழுவிக்கொண்டே, தாயும் மகனும் நல்லபடி என்றாள். சூசை தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தது. விண்ணரசி உலர்ந்த சீருடையைப் போட்டுக்கொண்டு, தூங்கும் ஜெனோவாவைக் கதவில்லாத வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பால் எங்கே, மாற்றுத்துணி எங்கே என்று இரண்டு தடவை சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடந்து ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாள். பஸ் அடுத்த ஊரைத் தாண்டியது.

கிரேனின் உச்சியில் ஓட்டுநர் அறைக்குக் கண்ணாடித் தரை. உட்கார்ந்தால் காலுக்கு நேர் கீழே நாற்பது மீட்டர் வெறும் காற்று, அதற்கும் கீழே கப்பல், கப்பலைச் சுற்றி விடிந்துகொண்டிருக்கும் கடல். பயிற்சியாளர் கண்டெய்னர் பெட்டியை மட்டும் பார்க்கச் சொன்னார். அவள் பெட்டியை மட்டும் பார்த்தாள். முப்பது டன் எடை அவள் விரல் நுனிக்குக் கட்டுப்பட்டு எழுந்து, காற்றில் ஊசலாடி, அவள் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் அடங்கி, லாரியின் முதுகில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மிகப் பெரிதாகத் திறந்ததுபோல இருந்தது அவளுக்கு. ஒரு மணி நேரம் குழந்தையை நினைக்கவே இல்லை என்பது திடீரென்று உறைத்தது. அடுத்த பெட்டியைத் தூக்கினாள்.

மூன்று மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது, தெருவே ஏதாவது ஒரு சாக்கோடு வாசலில் இருந்தது. ஒருத்தர் வலை பின்னிக்கொண்டிருந்தார், ஒருத்தர் ஏற்கெனவே கூட்டிய இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை ஏழு மணிக்கு எழுந்தாள், கொஞ்சம் அழுதாள், கஞ்சி குடித்தாள், ஒரு தடவை தும்மினாள் என்று அவள் கேட்காமலே ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜுலைகாவின் ஜன்னலில் பாத்திமா மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எதிரே கையைக் காட்டினாள்.

விண்ணரசி கஸ்பாரின் நிலைப்படியில் நின்றாள். மகள் தவழ்ந்து ஓடி வருவாள், தாவுவாள் என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஜெனோவா ஒரு பெரிய தோணிச் சட்டிக்குள் உட்கார்ந்து, அதற்குள் புளியங்கொட்டைகளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். தாயை நிமிர்ந்து பார்த்தாள். புது இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். பிறகு குனிந்து, அடுத்த கொட்டையை எடுத்தாள்.

கஸ்பார் குழந்தையைத் தூக்கிக் கொடுக்க எழப்போனார். விண்ணரசி வேண்டாம் என்று கையமர்த்தினாள். கண்ணில் நீர் முட்டியது. அது வருத்தமா, வேறொன்றா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. படியில் உட்கார்ந்து, கிரேனின் அதிர்வு இன்னும் மிச்சமிருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மகள் தன் வேலையை முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.